பாயம்மா சொன்ன காத்து

நான் பார்த்த மனிதர்களிலேயே அதிகம் பயந்தவர் பாயம்மாதான். நாய் பயம், பல்லி பயம், இடி பயம். ரிங்லெட்டிலிருந்து தாப்பாவுக்கு இறங்கும் மலைப்பாதையில் வண்டி ஏறினால் தலைத்துணியை முகத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு ஓதத் தொடங்கிவிடுவார். கீழே நேரான ரோடு வந்துவிட்டது என்று யாராவது தொடையைத் தட்டிச் சொன்னால்தான் முகத்தைத் திறப்பார். அப்படிப்பட்டவரைப் பார்த்து எங்கள் தேயிலைத் தோட்டமே பயந்துகொண்டிருந்தது என்று சொன்னால் இன்றைக்கு யாரும் நம்புவதில்லை.

அவர் பெயர் எனக்குத் தெரியாது. ரிங்லெட் டவுனில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவரைப் பாய் என்போம். அவர் மனைவி, அதனால் பாயம்மா. கடைக்குப் பின்னால், அரிசி மூட்டைகளுக்கும் வெங்காயக் கூடைகளுக்கும் நடுவில் ஒரு துணியைக் கட்டி மறைத்திருப்பார். அதற்குள் ஒரு கோரைப்பாய், ஒரு தலையணை. பொம்பளைகளுக்கு மட்டும் அங்கே பெக்காம் வைப்பார். கண்ணாடிக் குவளைக்குள் ஒரு கணம் தீயைக் காட்டி எடுத்து, உடனே முதுகில் கவிழ்த்தால் அது தோலைப் பிடித்து உள்ளே இழுக்கும். இறுகிக் கிடக்கும் சதை மெல்ல இளகும். கீறி ரத்தம் எடுக்கிற பெக்காமும் உண்டு. அதைப் பாயம்மா தொடமாட்டார். ரத்தமும் பயம்.

இப்போது அதே டவுனில் பெக்காம் என்று போர்டு மாட்டியிருக்கிறார்கள். பிளாஸ்டிக் கப்பு, துப்பாக்கி மாதிரி ஒரு பம்பு. டக் டக்கென்று அமுக்கினால் காற்று போய்விடுகிறது, தீயே தேவையில்லை. பாயம்மா பார்த்திருந்தால் அல்லாவுக்கு நன்றி சொல்லியிருப்பார். கடையை விற்றுவிட்டு மகளோடு ஈப்போவுக்குப் போய்விட்டார்கள் என்று கேள்வி. எப்படி இறங்கிப் போனாரோ, எத்தனை முறை ஓதினாரோ.

நான் அவரிடம் போனது கழுத்துக்காக. எங்கள் தோட்டத்தில் கொழுந்தைக் கையால் கிள்ளுவதில்லை, பெரிய கத்தரியால் வெட்டுவோம். அதன் ஒரு அலகில் கொழுந்து விழ ஒரு பெட்டி இருக்கும். அதை நெஞ்சுக்கு நேரே நீட்டிப் பிடித்தபடி சரிவில் ஏற வேண்டும். மழைநாளில் ஈரக் கொழுந்து சேரச் சேரப் பெட்டி பிணமாய்க் கனக்கும். கல்யாணமாகி அந்தத் தோட்டத்துக்கு வந்த இரண்டாவது மழைக்காலத்தில் என் கழுத்து பூட்டிக்கொண்டது. யாராவது கூப்பிட்டால் உடம்போடு சேர்த்துத்தான் திரும்புவேன். கிளினிக்கில் கொடுத்த மாத்திரையைப் போட்டால் தூக்கம் வந்தது, கழுத்து வரவில்லை.

முதல் நாள் குப்புறப் படுக்க வைத்துவிட்டு என் காதருகே குனிந்து கேட்டார்.

"பயமா இருக்கா புள்ள?"

"ஆமா."

"நல்லது. எனக்கும்தான். ரெண்டு பேரும் பயந்துக்கிட்டே செஞ்சிருவோம்."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். ஓரக்கண்ணால் பார்த்தபோதுதான் விளங்கியது. ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சை இடுக்கியில் பிடித்து, கை நீட்டும் தூரத்துக்கு நீட்டி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு பற்ற வைத்தார். தீயைக் கண்டால் இப்படி நடுங்குகிற ஒருவர் அந்தத் தீயோடு என் முதுகுக்கு வருகிறார். ஆனால் குவளை தோலில் பட்ட நிமிடம் அவர் கை நடுக்கம் நின்றுவிட்டது. பிறகு என் பாவாடை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். எனக்குத் துணையா, அவருக்குத் துணையா, தெரியாது.

"நீங்க ஒங்களுக்கு வச்சுக்குவீங்களா பாயம்மா?"

"அய்யோ, நான் மாட்டேன்லா. பெத்தவ மேல சத்தியமா ஒரு தடவ கூட வச்சுக்கிட்டதில்ல. அடுத்தவங்களுக்கு வைக்கறதே பெரும்பாடு."

வேலை முடிந்ததும் குவளைகளைக் கழுவி ஜன்னல் பலகையில் வரிசையாகக் கவிழ்த்து வைப்பார். ஒன்றுகூட நிமிர்ந்து நிற்காது. நிமிர்ந்திருப்பதைக் கண்டால் கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து கவிழ்ப்பார். இதைப் பார்த்துவிட்டு வந்த எங்கள் தோட்டத்துப் பொம்பளைகள் ஒரு கதை கட்டினார்கள். உடம்பிலிருந்து இழுத்த காத்தை அந்தக் குவளைகளில் அடைத்து வைத்திருக்கிறாள், நிமிர்த்தினால் வெளியே வந்துவிடும் என்று. வலி தாங்காமல் அவரிடம் போவார்கள்; போகும்போது இடுப்பில் ஒரு எலுமிச்சம்பழத்தையும் செருகிக்கொள்வார்கள்.

எங்கள் பேச்சில் காத்து என்பது ஒரு பொல்லாத சொல். ஜன்னலில் வருவதும் காத்து. வயிற்றில் பொருமுவதும் சதையில் பிடித்துக்கொள்வதும் காத்து. முச்சந்தியில் நின்று வயசுப் பெண்களைப் பிடிப்பதும் காத்து. பாயம்மா முதல் இரண்டைத்தான் சொல்வார். மத்தியானத்திலேயே மேகம் இறங்கி லயத்து வீட்டு வாசலுக்குள் வருகிற ஊரில், கேட்கிறவர்களுக்கு மூன்றாவதுதான் முதலில் நினைவுக்கு வரும்.

எனக்குக் கெட்ட காலம் ஒரு இடியில் ஆரம்பித்தது. முதுகில் குவளைகள் பிடித்திருக்கின்றன, பாயம்மா என் பாவாடை ஓரத்தைப் பிடித்திருக்கிறார். தகரக் கூரைக்கு மேலேயே விழுந்தது போல ஒரு இடி. திரும்பிப் பார்க்க என்னால் முடியாது. பாயம்மா, பாயம்மா என்று கூப்பிடுகிறேன், பதில் இல்லை. குவளைகள் இழுத்துக்கொண்டே இருக்கின்றன. மறைப்புக்கு வெளியே நின்று பாய் கத்துகிறார். "அங்க ஒரு பொண்ண போட்டுட்டு எங்க போன? நான் உள்ள வர முடியாதுலா, எந்திரிச்சு வா." அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் ஒரு வழியாகத் தவழ்ந்து வந்து எடுத்தார். எடுக்க வேண்டிய நேரம் எப்போதோ கடந்திருந்தது. என் முதுகில் கத்தரிக்காய் நிறத்தில் வட்டங்கள் பதிந்தன. அவை நாள்கணக்கில் மறையவில்லை.

அந்த வாரம் ரிங்லெட் சந்தையில் பாயம்மா எதிரே வந்தார். என் மாமியாரும் நானும் காய்கறிப் பையோடு நின்றிருந்தோம். மாமியார் கேள்வி கேட்டால் எங்களை வேலை வாங்கும் மண்டோரே ஒரு அடி தள்ளி நிற்பார்.

"இந்தா பாயம்மா, என் மருமகளுக்கு என்னாதான் இருக்கு? ஒளிக்காம சொல்லு."

பாயம்மா பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். பயத்தில் அவருக்குப் பேச்சு வேகமாக வரும்.

"காத்துதாம்மா. பொண்ணு ஒடம்புல காத்து பூந்திருக்கு. நெறைய இருக்கு. ஒரு தடவையில போவாது. கொஞ்சம் கொஞ்சமா இழுத்துத்தான் வெளிய எடுக்கணும்."

சொல்லிவிட்டு, விட்டால் போதும் என்று வேகமாக நடந்துவிட்டார். மாமியார் எடுத்த கீரைக்கட்டை அப்படியே வைத்தார். வீடு வரும்வரை ஒரு கை தூரம் விட்டே நடந்தார்.

அன்று சாயங்காலமே உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டார்கள். என் மடியில் ஏறி விளையாடும் நாத்தனார் மகளை, நான் கை நீட்டுவதற்குள் யாரோ தூக்கிக்கொண்டு போனார்கள். நான் போட்ட சோறு அப்படியே இருந்தது. குளிக்கும்போது மாமியார் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து என் முதுகைப் பார்த்தார்.

"அது கப்பு வச்ச தடம் அத்தே."

"அதத்தானே நானும் சொல்றேன். உள்ள இருக்கறது வெளிய வர முட்டுது."

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். என் மாமியார் கண்ணுக்கு வட்டமாக இருந்ததெல்லாம் பேய். கழுத்து திரும்பாததும் அவருக்குச் சாட்சியாகிவிட்டது. "கூப்பிட்டா எப்பிடி திரும்புறா பாத்தியா? மனுசி அப்பிடித் திரும்புவாளா?" என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டார். அவர் முட்டைக்கோசு ஏற்றி ஈப்போவுக்கு ஓட்டும் லோரிக்காரர். நல்ல மனிதர். அம்மா முன்னால் மட்டும் வாயில் கொழுக்கட்டை.

மற்றவர்கள் என்னைப் பார்த்துப் பயந்ததைத் தாங்கிக்கொண்டேன். ஒரு நாள் கண்ணாடி முன் நின்றபோது எனக்கே என்னைப் பார்த்துப் பயம் வந்தது. அதுதான் மோசம். திரும்பாத அந்தத் தலை என்னுடையதுதானா? தோளில் கனக்கிறதே, அது கத்தரியின் கனம்தானா? எல்லோரும் ஒன்றையே சொல்லும்போது நாம் மட்டும் எத்தனை நாள் மறுக்க முடியும்? சரிவில் மேகத்துக்குள் நின்று கொழுந்து வெட்டும்போது, பின்னால் யாரோ மூச்சு விடுவது போல இருக்கும். அது நானே விட்ட மூச்சு. இப்போது தெரிகிறது, அப்போது தெரியவில்லை.

கோலா தெர்லாவில், ஒரு காய்கறித் தோட்டத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் ஒருவர் சாமி ஆடுவார். பேய் ஓட்டுவதில் பேர் எடுத்தவர். ஓட்டுவது ரோத்தான் பிரம்பால். எங்கள் லயத்துப் பெண் ஒருத்தியை அங்கே கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகு அவள் யாரையும் நிமிர்ந்து பார்த்ததில்லை. வெள்ளிக்கிழமை என்னைக் கூட்டிப்போவது என்று முடிவானது. வீட்டுக்காரரிடம் காலைப் பிடிக்காத குறையாகச் சொன்னேன். அவர் லோரி டயரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா மனசுக்காக ஒரு தடவ போயிட்டு வந்துருலா."

"அடிப்பாங்க. உங்களுக்குத் தெரியும்."

அதற்கும் டயரைத்தான் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை காலை மாமியார் ஒரு வேன் பிடித்து என்னைக் கூட்டிப் போனார். வீட்டுக்காரர் வரவில்லை, லோடு இருக்கிறதாம். கொட்டகையில் வாளித் தண்ணீரில் ரோத்தான் ஊறிக்கொண்டிருந்தது. மாமியார் என்னை உட்கார வைத்து, பின்னாலிருந்து சட்டையைத் தூக்கிப் பிடித்தார். வட்டங்களைப் பார்த்துச் சாமியாடி தலையை ஆட்டினார்.

"யாரு நீ? பேர சொல்லு."

என் பெயரைச் சொன்னேன்.

"அது இவ பேரு. ஒன் பேர சொல்லு."

மறுபடி என் பெயரைத்தான் சொன்னேன். வேறு பெயர் என்னிடம் இல்லை. முதுகில் தீயைக் கோடாக இழுத்தது போல ஓர் அடி விழுந்தது. செத்துப்போனவர்களில் யார் பெயரைச் சொன்னால் நிறுத்துவார்கள் என்று மனசு தேட ஆரம்பித்தது. கிடைத்தது என்னைப் பெற்றவளின் பெயர். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அன்றைக்கு அதைச் சொல்லியிருந்தால் நான் என்ன ஆகியிருப்பேன் என்று நினைத்தால் இன்றும் கை சில்லிட்டுப் போகிறது.

அப்போது வெளியே லோரி ஆரன் கேட்டது. விட்டு விட்டு அடிக்காமல் ஒரே இழுப்பாக இழுத்தது. தோட்டத்து நாய்கள் குரைத்துக்கொண்டு ஓடின.

வாசலில் பாயம்மா நின்றார். கண்களை இன்னும் முழுசாகத் திறக்கவில்லை. ஒரு கையில் பை, மறு கையால் என் வீட்டுக்காரரின் சட்டையைப் பிடித்திருந்தார். டயரைப் பார்த்த மனிதர் அன்று விடியற்காலையிலேயே நேராகப் பாய் கடைக்குப் போய், தேநீர்கூடக் குடிக்காமல் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். அம்மாவிடம் பேச வராத வாய் அங்கே வந்திருக்கிறது. ரிங்லெட்டிலிருந்து கோலா தெர்லாவரை எத்தனை வளைவு. பாயம்மா அத்தனையிலும் அந்த லோரியில் உட்கார்ந்து வந்திருக்கிறார். இப்போது ஒரு நாய் அவர் காலடியில் நின்று குரைக்கிறது. அவர் அதைப் பார்க்காமல் என் முதுகைப் பார்த்தார்.

"அடிக்காதீங்க. அது நான் வச்ச தடம்."

"தெரியும்," என்றார் சாமியாடி. "நீ இழுத்துப் பாத்த, ஒன்னால முடியல. தள்ளி நில்லு."

"நான் சொன்ன காத்து அந்தக் காத்து இல்லீங்க. சதையில புடிக்குமே, வாயுக் காத்து. மலாய்க்காரங்க அங்கின்னு சொல்லுவாங்களே."

குரல் அவருக்கே கேட்டிருக்காது. மாமியார் என் சட்டையை விடவில்லை. பாயம்மா சுற்றிப் பார்த்தார். பிறகு மண்தரையில் உட்கார்ந்து பையைத் திறந்து ஒரு குவளையும் இடுக்கியும் ஸ்பிரிட் புட்டியும் எடுத்து வைத்தார்.

"யாராச்சும் ஒரு கைய நீட்டுங்க. காட்டுறேன்."

யாரும் நீட்டவில்லை. மாமியார் முந்தானைக்குள் கையை மறைத்துக்கொண்டார். பேய்க்கே பேர் கேட்கிறவர் ரோத்தானோடு ஒரு அடி பின்னால் போனார். நான் நீட்டினேன். பாயம்மா தலையை அசைத்தார்.

"ஒனக்கு வச்சா அதையும் பேயின்னுதான் சொல்லுவாங்க புள்ள."

அவர் தன் சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டினார். என்ன செய்யப் போகிறார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. வேண்டாம் பாயம்மா என்றேன். இந்தத் தடவை முகத்தைத் திருப்பிக்கொள்ள வழியில்லை. அவர் கைதான், அவர் கண்ணால் பார்த்துத்தான் வைக்க வேண்டும். தலைத்துணிக்குள் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. பஞ்சு பற்றியதும் கை ஆடி, தீ மணிக்கட்டில் பட்டது. ஆ என்று ஒரு சின்னச் சத்தம். இடுக்கியைப் போடவில்லை. பிஸ்மி சொல்லிக் குவளைக்குள் தீயைக் காட்டி எடுத்து, முழங்கைக்குக் கீழே சதையில் கவிழ்த்தார்.

பிடித்துக்கொண்டது. தோல் உள்ளே எழும்பிச் சிவந்தது. நாய்கூட ஓய்ந்துவிட்டது. அவர் தன் பாவாடை ஓரத்தைத் தானே இறுக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். சிவப்பு கறுக்கத் தொடங்கிய பிறகு விரலால் ஓரத்தை அமுக்கினார். புஸ்ஸென்று காற்று உள்ளே போய்க் குவளை கழன்றது. கையில் வட்டம். என் முதுகில் இருந்ததற்குத் தங்கச்சி போல ஒரு வட்டம்.

"பாருங்க. எனக்கும் வந்திருச்சு. அப்ப என்னையும் அடிங்க."

சாமியாடி மாமியாரைப் பார்த்தார். மாமியார் பாயம்மாவின் கையைப் பார்த்தார். பாயம்மா அந்தக் குவளையை, வாய் மேலே பார்க்க, மாமியாரிடம் நீட்டினார்.

"உள்ள பாருங்கம்மா. ஒண்ணுமில்ல. மூச்சு விடுறமே, அந்தக் காத்துதான்."

என் மாமியார் வாங்கவில்லை. எட்டி நின்று குனிந்து குவளைக்குள் பார்த்தார். பிறகு, வெகுநாளாக மனசில் கிடந்ததைக் கேட்டார்.

"அப்ப எதுக்குக் கழுவி எல்லாத்தையும் கவுத்து கவுத்து வைக்கிற?"

"பல்லி விழுந்துரும்மா. எனக்குப் பல்லின்னா பயம்."

வாசலில் நின்ற என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். மாமியார் சிரிக்கவில்லை. சாமியாடி ஏதோ சொல்ல வந்தார். "போதும்," என்றார் மாமியார். பிடித்திருந்த என் சட்டையைக் கீழே இழுத்து விட்டார். விடும்போது அவர் விரல் அடிபட்ட இடத்தில் பட்டு ஒரு கணம் நின்றது. மன்னிப்பு என்று அவர் வாயால் எதுவும் வரவில்லை, இன்றுவரை வந்ததில்லை. வந்த வேனிலேயே ஏறிப் போய்விட்டார்.

நாங்கள் லோரியில் ஏறினோம். வீட்டுக்காரர் ஓட்ட, நடுவில் பாயம்மா, ஓரத்தில் நான். பாயம்மாவின் மணிக்கட்டில் தீ பட்ட இடம் கொப்புளித்திருந்தது. முதல் வளைவு வருவதற்குள் தலைத்துணியை முகத்தில் போட்டுக்கொண்டார். வட்டம் பதிந்த கை துணிக்கு வெளியே தடவித் தடவி என் கையைத் தேடிப் பிடித்தது.

"பயமா இருக்கா புள்ள?"

யோசித்துப் பார்த்தேன். முதுகு எரிந்தது. கழுத்து இன்னும் திரும்பவில்லை.

"இல்ல பாயம்மா."

"எனக்கு இருக்கு," என்றார் துணிக்குள்ளிருந்து. "கைய விட்டுறாத."

ரிங்லெட் வரும்வரை அவர் கண்ணைத் திறக்கவில்லை. நான் கையை விடவில்லை.